வேலூர்ப் பக்கம் பகுதிநேர விரிவுரையாளர் வேலை: கண்டதைச் சொல்லுங்க

ஓட்டேரிவாசி:
2019-ல் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வந்த சமயம். சுயநிதிக் கல்லூரி ஒண்ணுல 5 வருஷம் வகுப்பெடுத்த மேடம் ஒருத்தங்க, அனுபவச் சான்றிதழை அதிகாரியோட மேலொப்பத்துக்கு (சரிபார்த்துப் போடுற கையெழுத்துக்கு) நீட்டுறாங்க. எதிரே இருந்த அதிகாரி பேனா மூடியை ஒரு தேதி மேல வச்சு நிறுத்தினார். "நெட் எப்பம்மா பாஸ் பண்ணீங்க?" நெட்னா கல்லூரி ஆசிரியராகுறதுக்கான தேசியத் தகுதித் தேர்வு. மேடம் பாஸ் பண்ணினது நாலாவது வருஷக் கடைசியில. தகுதி வர்றதுக்கு முன்னாடி எடுத்த வகுப்பு கணக்குல சேராது. அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மார்க், உச்சம் 15. பத்து மார்க்குனு நம்பி வந்தவங்களுக்கு ரெண்டு. அந்த முகம் இன்னும் கண்ணுல நிக்குது. வேலைக்குச் சேரும்போதே இதை யாராவது சொல்லியிருக்கணும்.

குடியாத்தம் ரோடு:
ஓட்டேரி சார், இதைப் படிச்சுட்டு நெட் வர்ற வரைக்கும் சும்மா இருக்கலாம்னு யாரும் முடிவு பண்ணிடக்கூடாது. 2019 கணக்கு அந்த அறிவிப்புக்கு. அடுத்ததுல என்ன விதின்னு அதைப் படிச்சாத்தான் தெரியும். நிறைய பேர் மாட்டுறது தேதியில இல்ல, சான்றிதழ் வாசகத்துல. "எங்கள் கல்லூரியில் பணிபுரிந்தார்"னு ஒரே வரி எழுதிக் கொடுத்துடறாங்க. பாடம், துறை, சேர்ந்த நாள், விலகிய நாள், முழுநேரமா பகுதிநேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எல்லாம் இருக்கணும். நியமன ஆணை இல்லாம முதல் வகுப்புக்குள்ள கால் வைக்காதீங்க. சம்பளத்தைக் கவர்ல வாங்காதீங்க, வங்கிக் கணக்குல போடச் சொல்லுங்க. நாளைக்கு வேலை பார்த்ததுக்கு அதுதான் சாட்சி. சேர்க்காட்டுல இருக்கிற திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கு உங்க பேரைத் தகுதி ஒப்புதலுக்கு (பாடம் நடத்தத் தகுதி இருக்குன்னு ஏத்துக்கிறதுக்கு) அனுப்புவாங்களான்னு நேர்காணல்லயே கேட்டுடுங்க. மழுப்பினா, பேர் அனுப்ப மாட்டாங்கன்னு அர்த்தம். விலகும்போது சான்றிதழைக் கையோட வாங்குங்க. முதல்வர் மாறிட்டா பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி எடுக்க ஆள் இருக்காது.

விஷாரம் பஸ் ஸ்டாப்:
நேர்காணல்ல எடுக்கச் சொல்ற மாதிரி வகுப்பு, அதான் டெமோ கிளாஸ் பத்தி யாரும் பேசலையே. ஒரு தம்பி பென்டிரைவோட வந்திருந்தார், அறையில புரொஜெக்டர் கிடையாது. சாக்பீஸை எடுத்து, பசங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நாலு நிமிஷம் எழுதினார். துறைத் தலைவர் கடைசி பெஞ்சுல இருந்து, "தம்பி, மூணாவது வரியைப் படிங்க" என்றார். எழுதினவருக்கே படிக்க வரல. பெரும்பாலும் 10 நிமிஷம்தான் தருவாங்க. பாடத்திட்டத்தின் முதல் அலகுல ஒரே ஒரு கருத்து போதும். போர்டை மூணா பிரிச்சு எழுதுங்க, நடுவுல ஒரு கேள்வி கேளுங்க.

காட்பாடி ஜங்ஷன்:
இடம் எங்கே கிடைக்கும்னு பார்த்தா, தமிழும் ஆங்கிலமும்தான் முதல்ல. எந்த மேஜர் எடுத்த பசங்களுக்கும் மொழிப்பாடம் உண்டு, பெரும்பாலும் வாரம் 6 மணி நேரம். ரெண்டு செக்‌ஷன் கிடைச்சா 12 ஆச்சு. மே கடைசியிலயும் டிசம்பர்லயும் ஷிப்ட் டூ (மதியத்துக்கு மேல ரெண்டாவது வேளை வகுப்பு) நடத்துற கல்லூரிகளுக்கு நேர்லயே போய் பயோடேட்டா கொடுங்க. பேறுகால விடுப்பு இடமெல்லாம் விளம்பரத்துக்கே வராது. அரசுக் கல்லூரியில கௌரவ விரிவுரையாளருக்கு 2024-ல மாதம் 25,000 கொடுத்தாங்க, அதுவும் 11 மாதத்துக்கு. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2019-லயே ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரைக்கும்னு சொல்லிட்டுது. மணிக்கணக்குல பேசுற இடத்துல, தேர்வறைக் கண்காணிப்புக்கும் இன்டர்னல் பேப்பர் திருத்துறதுக்கும் காசு உண்டான்னு முன்கூட்டியே கேளுங்க. பெரும்பாலான இடத்துல கிடையாது. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டா காட்டிட்டுத் திரும்ப வாங்கிக்குங்க. வச்சுக்கணும்னு அடம்பிடிச்சா, எழுத்துல ரசீது வாங்காம கொடுக்காதீங்க.

ஓட்டேரி சார், அந்த மேடம் மாதிரி நடுவுல நெட் முடிச்சவங்க, தேர்ச்சி தேதிக்கு முந்தினது ஒண்ணு, பிந்தினது ஒண்ணுன்னு சான்றிதழை ரெண்டா வாங்கி வைக்கட்டும். கடைசி நேரத்துல அந்தக் கல்லூரிக்குத் திரும்ப ஓட வேண்டியிருக்காது.