நாங்களே வீடு கட்டுகிறோம், எந்த மிஷின் முதலில் வாங்கலாம்?

கேள்வி:
ஊரில் 20க்கு 15 அடியில் ஒரே அறை. நானும் அப்பாவும்தான் கட்டப் போகிறோம். கரணை, தூக்குக்குண்டு, மண்வெட்டி இருக்கிறது. மிஷின் எதை முதலில் வாங்கலாம் அண்ணே?

பதில்:
தம்பி, மிஷின் இருக்கட்டும், முதலில் மூலையைப் பாருங்கள். நான்கு முளை அடித்து நூல் கட்டியதும் எதிரெதிர் மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள், உங்கள் அளவுக்கு இரண்டு குறுக்கும் சரியாக 25 அடி வர வேண்டும், வரவில்லை என்றால் மூலை கோணல் என்று அர்த்தம். நான் அவசரத்தில் இதை விட்டுவிட்டேன், கடைசியில் டைல்ஸ் ஒட்டும்போது ஒரு ஓரத்தில் இரண்டு அங்குலம் இழுத்துக்கொண்டு நின்றது, இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இன்னொரு பதில்:
மிஷின் என்றால் 4 அங்குல கட்டிங் மிஷின்தான். பிளேடை மாற்றினால் கம்பியும் வெட்டலாம், டைல்ஸும் வெட்டலாம். பிளேடை மூடியிருக்கும் கார்டைக் கழற்றாதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் தொடவே வேண்டாம். டிரில் மிஷின் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது கதவு, ஜன்னல் வைக்கும்போதுதான். கலவையைக் கையாலேயே குழைக்கலாம், ஆனால் தண்ணீர் ஊற்றியபின் அரை மணிக்குள் தீர்கிற அளவு மட்டும். செங்கல்லை நனைத்துவிட்டுக் கட்டுங்கள், காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணே. அப்பா கண்ணளவே போதும் என்கிறார், நாளைக் காலையில் டேப்பைப் பிடித்துக் காட்டுகிறேன்.