பழைய செங்கல் சுவர் மாவாக உதிர்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் வீடு நாகப்பட்டினம் பக்கம், கடலுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. 1950-களில் தாத்தா சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. பத்து வருஷம் முன்பு நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி அதன் மேல் சிமெண்ட் பூச வைத்தேன். இப்போது தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை பூச்சு உப்பிப் பெயர்ந்துவிட்டது, உள்ளே செங்கலை விரலால் சுரண்டினாலே சிவப்பு மாவு கொட்டுகிறது, அதன் மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு. அம்மா தினமும் ஒரு முறம் அள்ளுகிறார்.

நிலத்து உப்புநீர் கல்லுக்குள் ஏறி, காயும்போது உப்பு படிகமாகிக் கல்லை உடைக்கிறது, சிமெண்ட் ஈரத்தை வெளியே விடுவதில்லை, இதுவரை புரிகிறது. ஆனால் கீழடியில் 2000 வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த செங்கல் கட்டுமானம் கிடைத்திருக்கிறதே! என் சுவரிலும் மேல்வரிசைக் கல்லைத் தட்டினால் கணீரென்கிறது, கீழேதான் இந்தக் கதி. நன்றாக வெந்த கல் மக்கவே மக்காதா?

சரி, கேள்விக்கு வருகிறேன். இப்படியே விட்டால் சுவர் எத்தனை வருஷம் தாங்கும்? கெட்ட கல்லை மட்டும் உருவிவிட்டு, புதுக்கல் வைத்து, சுண்ணாம்பே பூசியவர்கள் இருக்கிறீர்களா, செலவு எவ்வளவு ஆனது? கொத்தனார் மறுபடியும் சிமெண்ட்தான் என்று நிற்கிறார். உடைத்தெடுக்கும் துண்டுகளைக் கொல்லைப் பள்ளத்தில் கொட்டலாமா, இல்லை பேரன் காலத்திலும் மண்வெட்டியில் இடறுமா?