பயண நினைவாக ஒரு சிறிய கலைக் குவில்ட்: எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: படகுத்துறை

வணக்கம். பத்து ஆண்டுப் பயணங்களில் சேர்ந்த பொருள்கள் ஒரு பை நிறைய என்னிடம் இருக்கின்றன: பயணச்சீட்டுகள், அருங்காட்சியக நுழைவுச்சீட்டுகள், ஒளிப்படங்கள், மலைக்குளிரில் கழுத்தில் சுற்றியிருந்து இப்போது ஓரம் நைந்துபோன ஒரு நீலத் துப்பட்டா. இவற்றைக் கொண்டு, சுவரில் மாட்டத்தக்க 30 x 40 செ.மீ. அளவுள்ள குவில்ட் ஒன்று செய்ய விரும்புகிறேன். போர்வை அளவில் இரண்டு தைத்திருப்பதால், மேல்துணி, பஞ்சுப்படலம், பின்துணி என மூன்றடுக்கையும் இணைத்துத் தைப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால், சதுரங்களை வரிசையாக இணைத்தே பழகிய கைக்குப் படம்போல் ஒன்றை அமைக்க வரவில்லை. எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பார்த்தால் அறிவிப்புப் பலகைபோல இருக்கிறது. போதாக்குறைக்கு, ஒரு படகுச் சீட்டைத் துணியில் ஒட்டலாம் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தேன். சீட்டு முழுவதும் கறுத்து, தேதிகூடத் தெரியாமல் போய்விட்டது. அந்த வருத்தத்தில் ஒரு மாதமாகப் பையைத் திறக்கவே இல்லை.

பதில்: ஊசிமுனை

சீட்டு கறுத்தது உங்கள் கைத்தவறு அன்று. இயந்திரங்கள் அச்சிட்டுத் தரும் இத்தகைய சீட்டுகளில் மை கிடையாது. வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சு தாளின் மேலேயே இருக்கிறது. அச்சிடும் இயந்திரம் எழுத்துள்ள இடத்தை மட்டும் சூடாக்குகிறது, இஸ்திரிப் பெட்டி தாள் முழுவதையும் சூடாக்கிவிடுகிறது. சும்மா வைத்திருந்தாலும் அந்த எழுத்து சில ஆண்டுகளில் மங்கிவிடும் என்பதால், மீதமுள்ள சீட்டுகளை இன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். பிறகு வெள்ளைப் பருத்தித் துணியைத் தடித்த ஒட்டுத்தாளில் ஒட்டி, இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிடலாம். நிறமித்துகள் கொண்ட மை துணியில் ஓரளவு நிற்கும். சாய மையோ, முன்கூட்டிப் பதப்படுத்தாத துணியாக இருந்தால், ஈரம் பட்டதும் பரவிவிடும்.

அமைப்பைப் பொறுத்தவரை, பத்து ஆண்டுகளை ஒரு சிறிய துணிக்குள் அடக்க முயல்வதே சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பயணத்தில் ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அடுத்தடுத்த குவில்ட்டுகளுக்கு விட்டுவிடுங்கள்.

பதில்: நூற்கண்டு

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒளிப்படங்களையும் அப்படியே துணியில் அச்சிட்டு நடுவில் வைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். நானும் அப்படி ஒன்று செய்து, தொலைவிலிருந்து பார்த்தபோது அது சட்டம் போட்ட படமாகவே தெரிந்ததால், தைத்ததை மீண்டும் பிரித்தேன். ஒளிப்படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து நான்கைந்து பெரிய வடிவங்களை மட்டும் வரைந்து, அவற்றைத் துணியில் வெட்டுங்கள். பிசின் தாளில் (இஸ்திரிச் சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் தாள்) வரைவதானால் வடிவத்தை இடவலமாகத் திருப்பி வரைய மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் கலங்கரை விளக்கம் கரைமாறி நிற்கும். வெட்டிய துணிகளை அடுக்கிக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், வண்ணங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் காட்சி எடுபடாது.

இன்னொன்று: நெருக்கமாகத் தைக்கத் தைக்கத் துணி உள்வாங்கும். ஆகவே நான்கு பக்கமும் 3 செ.மீ. கூடுதலாக வைத்துத் தொடங்கி, தைத்து முடித்த பிறகே சரியான அளவுக்கு வெட்டுங்கள்.

படகுத்துறை

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு வேளை என்றதும் அந்தச் சீட்டுக்குரிய காலையே நினைவுக்கு வந்தது. ஏரியெங்கும் பனிமூட்டம், எதிர்க்கரை தெரியவில்லை. படகைக் கட்டியிருந்த கயிறுகூட நீரை நோக்கிச் சற்றுத் தூரம் போய் மறைந்துவிட்டது. இதில் வெட்டி ஒட்டுவதற்கு வடிவமே இல்லையே!

பதில்: ஊசிமுனை

வடிவம் இல்லாததே உங்களுக்கு வசதி. துப்பட்டாவை நீராக விரியுங்கள். நைந்த ஓரத்தை மடித்துத் தைக்காமல் அப்படியே மேற்பக்கம் வைத்தால், பிரிந்த இழைகளே பனியின் விளிம்பாகிவிடும். துணி செயற்கை இழையாக இருந்தால் சூட்டில் உருகும் என்பதால், முதலில் ஒரு மூலையில் இஸ்திரியைச் சோதித்துக்கொள்ளுங்கள். பனிக்கு வெள்ளை வலைத்துணியைக் கீழே ஓரடுக்காகவும் மேலே போகப்போக இரண்டு மூன்று அடுக்குகளாகவும் போடலாம்.

கயிற்றுக்குத் தடித்த சணல் நூல் ஒன்றைத் துணியின் மேல் கிடத்தி, அதே நிறமுள்ள மெல்லிய நூலால் 5 மில்லிமீட்டருக்கு ஒருமுறை குறுக்கே பிடித்துத் தையுங்கள். வலைத்துணிக்கு அடியில் நுழையும் இடத்திலிருந்து சணலை விட்டுவிட்டு, வெளிர்சாம்பல் நூலில் ஓட்டுத்தையலை மட்டும் தொடர்ந்து, ஒவ்வொரு தையலுக்கும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்திவிடுங்கள். வெளியே தெரியும் ஓரப்பட்டி இந்தக் காட்சிக்குச் சட்டம்போல் ஆகிவிடும். பட்டியை முழுவதும் பின்பக்கம் திருப்பித் தைப்பதே பொருந்தும். கறுத்த சீட்டையும் எறிந்துவிடாதீர்கள். பின்துணியில் சிறிய பை ஒன்று தைத்து அதற்குள் வைத்துவிடலாம்.

பதில்: நூற்கண்டு

மாட்டும்போது நேர் வெயில் படாத சுவராகப் பார்த்துக்கொள்ளுங்கள். நீலம் வெளுத்தால் ஏரியும் பனியும் ஒன்றாகிவிடும்.