புதுப்பிப்பு: கிரிவலம் போய் வந்தாயிற்று

ஐம்பதை நெருங்கும் வயதில் சாமி கும்பிடுவதுகூட இன்னொரு வீட்டு வேலையாகிவிட்டது, மனம் எதிலும் நிறையவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். பலர் திருவண்ணாமலை போகச் சொன்னீர்கள்.

பௌர்ணமிக் கூட்டம் என் முழங்காலுக்கு ஒத்துவராது. அதனால் சாதாரண நாளில், விடியும் முன்பே தொடங்கினேன். 14 கி.மீ., எட்டு லிங்கங்கள். இந்திர லிங்கம், அக்னி லிங்கம் தாண்டியும் வலியைத் தவிர வேறு நினைப்பே இல்லை. நிருதி லிங்கத்தருகே உட்கார்ந்துவிட்டேன். பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே, "மெதுவாப் போங்க, மலை எங்கயும் போயிடாது" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் காலைத் திட்டவில்லை. இத்தனை வருடம் சுமந்த கால்தானே.

வீட்டில் பெரிய மாற்றமெல்லாம் இல்லை, பாத்திரம் அப்படியேதான் குவிகிறது. ஆனால் அத்தைக்கு மாத்திரை கொடுக்கும்போது அவசரப்படாமல் பேசுகிறேன். தன் கல்யாணத்தன்று மழையில் பந்தல் சரிந்த கதையை நேற்று சொன்னார். இத்தனை நாள் நான் கேட்டதே இல்லை. விளக்கேற்றும் நேரத்தைவிட அதில்தான் மனம் நிறைகிறது.

சரி, மூட்டுவலிக்காரர்களுக்கு: வெறுங்காலுடன் நடப்பதுதான் வழக்கம். வெயில் ஏறினால் தார்ச்சாலை கொதிக்கும், அதற்குள் முடித்துவிடுங்கள்.