ஒன்பதாம் வகுப்பில் வரலாறு எதற்கு? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தக்கலையிலிருந்து:

நீட்டுக்கு உதவாத பாடத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன்.

பாட்டா வீட்டைப் பாகம் வைக்கப் பழைய ஆதாரங்களை எடுத்தோம். ஓரம் பொடிந்த முத்திரைத்தாள், அத்தனையும் மலையாளத்தில். "நாம தமிழ்தானே, இது எப்படி?" என்று தம்பி மகன் கேட்டான். "அப்ப திருவிதாங்கூர்" என்றதோடு பெரியவர்கள் நிறுத்திவிட்டார்கள். மகள்தான் விளக்கினாள். நம்ம குமரிப் பகுதி அப்போது மலையாளத்தில் நிர்வாகம் நடந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இங்குள்ள தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்காக மார்ஷல் நேசமணி தலைமையில் போராட்டம். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு.

புதுக்கடை என்றதும் மூலையில் இருந்த பெரிய அத்தை நிமிர்ந்தார். "அண்ணைக்கு அப்பா கதவைப் பூட்டி எங்களை உள்ளேயே வச்சிருந்தாரு. ஆளுக ஓடுற சத்தம் கேட்டுட்டே இருந்து." இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "யாரும் கேக்கல்லியே மக்ளே." அன்று இரவு சாப்பாடு ஆறும்வரை அவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். நீட் பேச்சை மறுபடி யாராவது எடுத்தால் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

குளச்சல் பக்கத்து ஆசிரியை:

சமூக அறிவியல் எடுக்கிறேன். மேலாடை உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தைப் பாடமாக எடுக்கும்போது, திருவிதாங்கூரின் 1859 அரசாணையை மட்டும் தனியாக நிறுத்திப் பேசுவேன். நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்பது அதன் நிபந்தனை. ஒரு மாணவி எழுந்து, "அப்ப அனுமதிதான் கொடுத்தாங்க, சமமா வைக்கல்ல, இல்லியா டீச்சர்?" என்றாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. தேதியை உருப்போட்டு இந்த இடத்துக்கு யாரும் வர முடியாது. ஆணையின் வார்த்தையைப் படித்தால்தான் வரும். அந்தப் பழக்கம் நாளை எந்த அரசாணையைப் படிக்கும்போதும் அவளுக்கு உதவும்.

தக்கலை அக்கா, உங்கள் அத்தை பேசுவதை உடனே போனில் பதிவு செய்துவையுங்கள். அந்த நாள் நினைவிருப்பவர்கள் இனி அதிகம் பேர் இல்லை. அவர் சம்மதித்தால் எங்கள் பிள்ளைகளையும் ஒரு சனிக்கிழமை அழைத்துவருகிறேன்.