பட்டாளம் பக்கத்தில் வந்து இறங்கினால் ஊரில் கல்யாணப் பேச்சு எப்படி இருந்திருக்கும்? (1943, உளுந்தூர்பேட்டை பக்கம்)

மல்லாட்டைக்காடு கேட்டது:

குறுநாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர் நேரம், அன்றைய தென்னாற்காடு மாவட்டம், உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமம். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் இன்னும் வெறுமனே கிடக்கிறது. அதைப் போட வந்த ஆட்கள், காவலுக்குப் பட்டாளம், லாரி, கூடாரம் எல்லாம் திடீரென்று கம்பும் மல்லாட்டையும் (நிலக்கடலை) விளைகிற ஊருக்குப் பக்கத்தில் வந்து இறங்கினால் அங்கே இருக்கிற பெண்களின் வாழ்க்கை, முக்கியமாகக் கல்யாணப் பேச்சு, எப்படி மாறியிருக்கும்?

என் கதாநாயகிக்குப் பதினேழு வயது. முறைப்பையன் ஒருவன் தயாராக இருக்கிறான். ஆனால் அவளுக்குப் பட்டாளத்து ஆள் ஒருவன் மேல் மனசு போகிறது. நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன், சினிமா மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நிஜத்தில் இப்படி நடந்திருக்குமா? எங்கே பார்த்திருப்பார்கள், என்ன மொழியில் பேசியிருப்பார்கள், ஊர் என்ன செய்திருக்கும்? கடலூர், புதுச்சேரி பக்கத்துக்காரர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டது எதுவானாலும் சொல்லுங்கள்.

---

கெடிலக்கரை எழுதியது:

முதலில் பயத்தை எழுதுங்கள், காதல் அப்புறம் வரட்டும்.

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5ல் கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது மெட்ராஸ்தான் என்று அரசாங்கமே நம்பி, அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைக் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டது. ரயில் ரயிலாக ஜனம் தெற்கே வந்தது. ஆகவே உங்கள் கிராமத்துக்குப் பட்டாளம் வருவதற்கு முன்பே பட்டணத்துச் சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்திருப்பார்கள். கிராப்பு வெட்டி, கைக்கடிகாரம் கட்டி, ஒரு வேலையும் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அத்தை மகன். உள்ளூர் முறைப்பையனுக்கு முதல் போட்டி இவன்தான், பட்டாளத்தான் இல்லை. இதை ஏன் யாருமே கதையில் எழுதுவதில்லை என்று எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

அடுத்தது பணம். பர்மா போனதும் பர்மா அரிசியும் போச்சு, மண்ணெண்ணெயும் போச்சு. துணி விலை ஏறி 1943ல் கட்டுப்பாடே கொண்டுவந்தார்கள். சில்லறைத் தட்டுப்பாட்டில் செம்பை மிச்சம் பிடிக்க, அந்த வருஷம்தான் நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது. இந்தப் பஞ்சத்துக்கு நடுவில் ராணுவ வேலை நடக்கிற இடத்தில் மட்டும் கையில் காசாகக் கூலி கிடைத்தது. நெல்லாக, கம்பாகக் கூலி வாங்கிப் பழகிய ஊர் அது. மேஸ்திரிக்குக் கீழே ஜல்லிக்கூடை தூக்கப் போன பையன் ஆறு மாதத்தில் சைக்கிள் வாங்கினான் என்றால் பெண் வீட்டார் பார்வை மாறாதா?

பரிசத்தையும் விடாதீர்கள். 1940ல் வெள்ளி ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், ஒரு ரூபாய்க்குக் காகித நோட்டும் வந்துவிட்டது. பழைய விக்டோரியா ரூபாய் வைத்திருந்தவர்கள் எல்லாம் பானையில் போட்டுப் புதைத்தார்கள். பரிசத் தட்டில் மாப்பிள்ளை வீட்டார் நோட்டாக வைக்க, பெண்ணின் பாட்டி அதைக் கையால் தொடாமல் தள்ளிவிடுகிற ஒரு காட்சி போதும், போர்க்காலம் முழுக்க அதற்குள் வந்துவிடும்.

---

பண்ருட்டிப் பலா எழுதியது:

கதாநாயகிக்குப் பதினேழு வயசு, பட்டாளத்தான் மேல மனசு. சரி. அவள் யார் வீட்டுப் பெண் என்று முதலில் முடிவு பண்ணுங்கள், அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

காணி உள்ள வீட்டுப் பெண் என்றால் லாரிச் சத்தம் கேட்ட அன்றைக்கே அவள் கதை முடிந்தது. எங்கள் ஆயா ஊரில் (அதுவும் பட்டாளம் தங்கிப் போன ஊர்தான்) வயசுப் பெண்களைத் தனியாகத் தண்ணிக்கு அனுப்பவில்லை, ஏரிக்கு மாடு ஓட்டிப்போக அனுப்பவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து போவார்கள், முன்னால் ஒரு கிழவி நடப்பாள். சில வீடுகளில் பெண்ணைச் சித்தி வீட்டுக்கு, பெரியம்மா வீட்டுக்கு என்று அனுப்பிவிட்டார்கள். மீதி வீடுகளில் அவசரக் கல்யாணம். ஜாதகம் பார்க்கவில்லை, சீர் பேசவில்லை, மாமன் மகனோ அத்தை மகனோ கைக்குக் கிடைத்தவன் கையில் பிடித்துக் கொடுத்தார்கள். ஆயா சொல்லும், "கூடாரம் அடிச்ச வருசம் எங்க தெருவுல பந்தல் பிரிக்கவே இல்ல" என்று. பாதிச் சிரிப்பாகத்தான் சொல்லும். ஆனால் அந்தப் பந்தலில் ஒன்று ஆயாவுடையது, மாப்பிள்ளை அதைவிட இருபது வயசு மூத்தவர், ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி செத்தவர். சட்டப்படி பதினாலு முடிந்தால் போதும், 1930லிருந்து அதுதான் கணக்கு, யார் வந்து கேட்கப்போகிறார்கள்.

நிலமில்லாத வீட்டுப் பெண்ணுக்குக் கதையே வேறு. அவள் மண் சுமக்கப் போயே ஆகவேண்டும். அந்தக் காலத்து ஓடுதளங்கள் பெரும்பாலும் கைவேலைதான், கல் உடைத்ததும் மண் கொட்டியதும் ஆணும் பெண்ணுமாகக் கூலி ஆட்கள். பட்டாளத்தானை நேருக்கு நேர் பார்த்தவள் அவள்தான். சோப்பு கொடுத்தான், பிஸ்கட் கொடுத்தான், சிரித்தான், எல்லாம் நடந்திருக்கும். கொடுத்தவன் கையில் துப்பாக்கியும், வாங்கினவள் வீட்டில் அரைப் பட்டினியும் இருக்கும்போது அதைக் காதல் என்று எழுத எனக்குக் கை வராது. ஏதாவது ஆகிவிட்டால் அவளுக்காக எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் கூடியிருக்காது, கூடினாலும் அபராதம் அவள் அப்பனுக்குத்தான். உங்கள் நண்பர் சினிமா என்று சொன்னதில் தப்பே இல்லை.

---

வேலூர்ப் பேரன் எழுதியது:

பலா சொல்வதில் ஞாயம் இருக்கிறது, ஆனால் பட்டாளம் என்றதும் எல்லோரும் வெள்ளைக்காரனையே நினைக்கிறீர்கள். அந்தப் போரில் இந்தியப் பட்டாளம் மட்டும் 25 லட்சம் பேர், அத்தனை பேரும் தானாகச் சேர்ந்தவர்கள். நடுவில் கலைத்துவிட்ட மெட்ராஸ் ரெஜிமெண்டைத் திரும்ப எழுப்பியதும் அந்தப் போரில்தான். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையில் இன்றைக்கும் வீட்டுக்கு ஓர் ஆள் பட்டாளத்தில் இருப்பார்கள். சமையல்காரன், டிரைவர், ஆஸ்பத்திரி ஆர்டர்லி, இவர்களில் தமிழ் பேசுகிறவன் இல்லாமல் இருந்திருக்க மாட்டான். அப்படி ஒருவனைக் கதாநாயகன் ஆக்கினால் மொழித் தகராறே இல்லை. கிழவி கேட்கிற முதல் கேள்வி "எந்த ஊருப்பா, நீங்க என்ன ஆளுங்க" என்பதாகத்தான் இருக்கும், அங்கேதான் உங்கள் கதை மாட்டிக்கொள்ளும்.

கடிதத்தையும் மறக்காதீர்கள். அந்தப் பட்டாளத்துக்குள் பொது மொழி இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய உருது. நம்ம ஆள் அதைக் கற்றுக்கொண்டு வந்து ஊரில் பீற்றிக்கொள்வான். வீட்டுக்கு வருகிற கடிதத்தைத் தணிக்கை ஆபீசர் ஒரு தடவை படிப்பார், எழுதப் படிக்கத் தெரியாத வீடு என்றால் தபால்காரர் அடுத்த தடவை தெருவில் நின்று சத்தமாகப் படிப்பார். இதற்கு நடுவில் ஒருவன் தன் பெண்டாட்டிக்கு ஆசையாக என்ன எழுத முடியும்? மாடு கன்று போட்டதா, மணியார்டர் வந்ததா, அவ்வளவுதான்.

---

சொல்தா வீட்டுப் பேத்தி எழுதியது:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். உளுந்தூர்பேட்டை பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் இந்தக் கேள்வியை நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்த குடும்பம் எங்களுடையது. நீங்கள் எல்லோரும் அந்நியப் பட்டாளம் நம்ம ஊருக்கு வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். எங்கள் தாத்தா வேறு யாருடைய ஊருக்கோ போய் இறங்கிய பட்டாளத்தான்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவரைச் சொல்தா என்போம். முதல் உலகப் போரிலேயே இங்கிருந்து ஆள் போனார்கள், கடற்கரைச் சாலையில் அவர்களுக்கான நினைவுச் சின்னத்தை 1938ல் திறந்தார்கள். பிரெஞ்சு தேசிய நாளான ஒவ்வொரு ஜூலை 14க்கும் மெடல் குத்திக்கொண்டு பழைய சொல்தாக்கள் அங்கே போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1940ல் பிரான்சு ஜெர்மனியிடம் விழுந்தபோது இங்கே இருந்த கவர்னர், ஜெர்மனியை எதிர்த்து நின்ற தெ கோல் பக்கம் சேர்ந்தார், அதனால் புதுச்சேரியும் இங்கிலீஷ்காரன் பக்கமே நின்றது. போர் முடிந்தும் எங்கள் ஆட்களுக்கு ஓய்வு இல்லை, இந்தோசீனாவில் அடுத்த சண்டை 1946ல் ஆரம்பித்து 1954 வரைக்கும் நடந்தது.

தாத்தா அங்கேதான் இருந்தார். சைகோனில் புதுச்சேரித் தமிழர்கள் அதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே உண்டு, குமாஸ்தா வேலை, போலீஸ், வட்டிக்கடை என்று. முகாமுக்குப் பக்கத்தில் காய்கறி விற்க வந்த குடும்பத்துப் பெண்ணைத் தாத்தா கட்டிக்கொண்டார். அதாவது எங்கள் ஆயா வியட்நாம்காரி. இந்த ஊரில் இப்படி நிறைய வீடுகள் உண்டு, கல்யாண விருந்தில் வடைக்குப் பக்கத்தில் நெம் (வியட்நாம் ரோல்) வைப்பது எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்?

சின்ன வயதில் நான் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன், தாத்தாவைப் பிடித்துத்தான் கட்டிக்கொண்டாயா என்று. "அரிசி கொண்டுவந்தார்" என்றது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தினமும் கொண்டுவந்தார்" என்றது. பலா சொல்கிற துப்பாக்கியும் பட்டினியும் எங்கள் வீட்டிலும் இருந்தது, இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் நாற்பது வருஷம் ஒரே வீட்டில் சண்டை போட்டு, சீட்டு விளையாடி, தமிழும் பிரெஞ்சும் வியட்நாமியும் கலந்து திட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். அதற்குக் காதல் என்று பெயர் வைக்கக் கூடாது என்றால் வைக்கவில்லை, விடுங்கள்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது கொள்ளுப்பாட்டி ஆயாவை ஒரு வருஷம் சமையலறைக்குள் விடவில்லையாம். அதே கொள்ளுப்பாட்டி, பிரான்சிலிருந்து பென்ஷன் வர ஆரம்பித்த பிறகு, எதிர் வீட்டில் பெண் பார்க்கிற இடத்தில் "எங்க வீட்டுல சொல்தா இருக்கான்" என்று தானே ஆரம்பிப்பாராம். அந்தக் காலத்தில் இங்கே சொல்தா மாப்பிள்ளை என்றால் தனி மவுசு. மேரியில் (பிரெஞ்சு நகராட்சி அலுவலகம்) கல்யாணத்தைப் பதிந்தால்தான் பெண்டாட்டிக்குப் பென்ஷனில் பாத்தியதை என்பதால், கோயிலில் தாலி கட்டினால் போதாது, முதலில் மேரிக்கு வா என்று பெண் வீட்டாரே நிற்பார்கள். பட்டாளத்தான் வேண்டாம் என்று உங்கள் பக்கம் கதவைச் சாத்திய அதே நேரத்தில் இங்கே புதுச்சேரியில் அவனுக்கு வரிசையில் நின்றார்கள்.

---

தேவனாம்பட்டினம் எழுதியது:

43ஐ விடுங்க, கடலூருக்கு இது பழகின விஷயம். 1783 ஜூனில் இங்கிலீஷ் பட்டாளம் வந்து கடலூரை முற்றுகை போட்டது, உள்ளே பிரெஞ்சு, கடலில் ரெண்டு பக்கத்துக் கப்பலும். ஐரோப்பாவில் எப்பவோ சமாதானம் ஆயாச்சு என்ற சேதி அந்த மாசக் கடைசியில்தான் இங்கே வந்தது, அதுக்குள்ள எத்தனை பேர் செத்தார்கள். அந்தக் காலத்துத் தண்டு (படை) என்றால் சிப்பாயை விடப் பின்னால் வருகிற கூட்டம்தான் பெரிசு, மாட்டுப் பொதியில் தானியம் கொண்டுவருகிறவர்கள், கடைக்காரர்கள், சிப்பாய்களின் பெண்டு பிள்ளைகள். அதற்கும் முன்னால், டூப்ளே காலத்துத் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பாருங்கள், கப்பல் தெரிகிறது என்று யாராவது கத்தினாலே புதுச்சேரி ஜனம் மூட்டை கட்டிப் பெண்களை வெளியூருக்கு அனுப்பிவிடும். பலாவின் ஆயா ஊர் செய்ததும் அதேதான்.

---

மல்லாட்டைக்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பட்டணத்து அத்தை மகனைக் கட்டாயம் உள்ளே கொண்டுவருகிறேன். பலா கேட்டதுக்குப் பதில்: கதாநாயகி காணி உள்ள வீடுதான், ஆனால் அவளோடு கூடவே வளர்ந்த கூலிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி இரண்டாம் அத்தியாயத்தில் வந்து போகிறாள். படிக்கப் படிக்க, கதை அவளுடையது என்றுதான் தோன்றுகிறது. வேலூர்ப் பேரன் சொன்ன சமையல்காரனை அவளுக்கு எதிரில் நிறுத்திப் பார்க்கிறேன். ஒரு சின்னக் கேள்வி, கல்யாணத்தை 1943 தை மாதத்தில் வைத்திருக்கிறேன், சரியாக வருமா?

---

கெடிலக்கரை எழுதியது:

1943 தை என்றால் ஜனவரி நடுவில். ஓட்டைக் காலணாவை மொய்யில் வைக்கப்போகிறீர்கள் என்றால் அதற்குள் அது ஊர் வந்து சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம். பேசாமல் 1944 வைகாசிக்குத் தள்ளுங்கள், பத்திரிகையில் தாரண வருஷம் என்று போடவேண்டும். அதற்குள் துணிக் கட்டுப்பாடும் வந்திருக்கும், கூறைப்புடவைக்கு அப்பன் கடை கடையாக அலைவதற்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கலாம். ஆடிக்கு மட்டும் போய்விடாதீர்கள், நண்பர் மறுபடி திருப்பிக் கொடுப்பார்.

---

பண்ருட்டிப் பலா எழுதியது:

கூலிக்காரர் வீட்டுப் பெண் கதை என்றால் எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன். அவளுக்குப் பத்திரிகை எல்லாம் அடித்திருக்க மாட்டார்கள், அந்த வரியை எடுத்துவிடுங்கள்.