தியரி டெஸ்ட்: புதுப்பிப்பு

போன மாதம், பிரிட்டனில் கார் ஓட்டும் உரிமத்துக்கான தியரி டெஸ்ட் எழுதி 50-க்கு 41 வாங்கித் தோற்றுவிட்டேன், இனி எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தேன். 43 வேண்டும். நேற்று மறுபடி எழுதினேன், 47!

கேள்விகளை மனப்பாடம் செய்யாமல் சாலை விதிகளின் கையேடான ஹைவே கோடைப் படிக்கச் சொன்னீர்கள், அதுதான் கைகொடுத்தது. நெட்டுருப் போட்டது நிறுத்தும் தூரங்களை மட்டும்தான்: மணிக்கு 30 மைலில் 23 மீட்டர், 70-இல் 96. மழை ஈரத்தில் குறைந்தது இரண்டு மடங்கு.

என்னைப் பயமுறுத்தியது வீடியோ பகுதி: சாலைக் காட்சிகளைப் பார்த்து, ஆபத்து தெரிந்ததும் கிளிக் செய்ய வேண்டும். 14 காட்சிகள், 75-க்கு 44 எடுக்க வேண்டும். போன தடவை பதற்றத்தில் கிளிக்கிக்கொண்டே இருந்தேன். அப்படிச் செய்தால் அந்தக் காட்சிக்குப் பூஜ்யம். இந்த முறை ஆபத்து தலைகாட்டியதும் ஒரு கிளிக், அது முற்றியதும் இன்னொன்று, அவ்வளவுதான். 58 வந்தது.

தமிழில் ஒலி கிடைக்குமா என்று கேட்ட அண்ணாவுக்கு: முன்பு இருந்தது, 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலமும் வெல்ஷும்தான்.

சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும். அதற்குள் ரவுண்டபவுட்டில் எஞ்சின் அணைந்துவிடாமல் ஓட்டப் பழக வேண்டும்.